விடியற்காலையில் நிற்கும் பயோகேஸ் என்ஜின்: குழாயில் தேங்கும் தண்ணீரை என்ன செய்வது?

கேள்வி:

ஐயா, வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் அருகே ஒரு தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கேஸ் என்ஜின் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மணிக்கு 45 டன் பழக்குலைகளைப் பதப்படுத்தும் ஆலை. விரிப்புப் போட்டு மூடிய கழிவுநீர்க் குளத்திலிருந்து வரும் பயோகேஸ் (கழிவு நொதித்து உண்டாகும், மீத்தேன் கலந்த எரிவாயு), குளத்தங்கரையில் உள்ள ஸ்கிரப்பரையும் (வாயுவைக் கழுவும் கலம்) புளோவரையும் (வாயுவை அழுத்தித் தள்ளும் இயந்திரம்) கடந்து, 160 மி.மீ. எச்.டி.பி.இ. (ஒரு வகைப் பிளாஸ்டிக்) குழாய் வழியாக 600 மீட்டர் தள்ளியுள்ள 1 மெகாவாட் என்ஜினுக்கு வருகிறது. குழாய் தரையை ஒட்டிச் சிமெண்டுக் கட்டைகள் மேல் கிடக்கிறது. புளோவர் 12 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுக்கிறது. ஸ்கிரப்பருக்குப் பின் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) அளவில் இருக்கிறது.

பகலில் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. மாலை மழைக்குப் பிறகும், விடியற்காலை 3 மணிக்கு மேலும் அழுத்தமானியின் முள் ஆடத் தொடங்கி, சற்று நேரத்தில் என்ஜின் நின்றுவிடுகிறது. என்ஜின் அறைக்கு முன்னால் உள்ள ஒரே வடிகால் வால்வைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றத்துடன் மஞ்சள் கலந்த தண்ணீர் கொட்டுகிறது. குழாய் போட்ட ஒப்பந்தக்காரர் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கேஸ் குழாய் போட்டு அனுபவமுள்ளவர். பெரிய புளோவர் மாற்றினால் சரியாகும் என்கிறார். மேனேஜரோ வழி நெடுக வடிகால் வால்வுகள் வைத்தால் போதும் என்கிறார். எது சரி? மேலும், எங்கள் கேன்டீனில் கேஸ் சிலிண்டர்கள் வியர்த்துக் கொட்டுகின்றன. அந்தக் குழாயிலும் இப்படித் தண்ணீர் சேருமா?

பதில்:

தம்பி, உங்கள் என்ஜின் நிற்கும் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதியது நல்லதாயிற்று, ஏனென்றால் காரணம் அதிலேயே தெரிகிறது. குளத்தில் வாயு உற்பத்தி குறைந்திருந்தால் அந்தக் குறை மழையையும் விடியலையும் பார்த்து வராது. குழாய் குளிரும் வேளைகளில் மட்டும் கோளாறு வருவதாலும், முள் சீராக இறங்காமல் ஆடுவதாலும், குழாயின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி வாயுவின் வழியை மறிக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஒப்பந்தக்காரரின் யோசனை உங்கள் நிலைமையை மோசமாக்கும். மேனேஜர் சொல்வதில் பாதி சரி, மற்ற பாதி ஆபத்தானது. இரண்டையும் விளக்குகிறேன்.

இயற்கை எரிவாயுவும் சமையல் கேஸும் பயனீட்டாளரிடம் வரும்போது உலர்ந்தே வருகின்றன. அவற்றுக்குக் குழாய் போடுகிறவர் அழுத்தம், கசிவு, குழாயின் அளவு ஆகிய மூன்றைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். குழாய் மட்டமாகக் கிடந்தாலும் குடி முழுகிப் போகாது. எரிவாயுக் குழாய்களுக்கான அமெரிக்க விதிமுறையான என்.எஃப்.பி.ஏ. 54 கூட, உலர்ந்த வாயு அல்லாத எதற்கும், நீர் சேரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் வடிகலம் (தண்ணீரைச் சேர்த்து வெளியேற்றும் பாத்திரம்) வைக்க வேண்டும் என்று தனியாகப் பிரித்தே சொல்கிறது. பயோகேஸ் குளத்தைவிட்டு வெளியேறும்போதே தன்னால் தாங்க முடிந்த அளவு நீராவியை முழுமையாகச் சுமந்துகொண்டு வருகிறது. நீரைத் தெளித்து வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பர், அதில் ஏதேனும் வறட்சி மிச்சமிருந்தால் அதையும் போக்கிவிடுகிறது. ஆகவே பயோகேஸுக்குக் குழாய் போடுகிறவர், வாயு செல்லும் வழியையும் தண்ணீர் வடியும் சாக்கடையையும் ஒரே குழாய்க்குள் சேர்த்து வடிவமைக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குப் போட்டிருப்பதில் சாக்கடைக் கணக்கு விடுபட்டிருக்கிறது. இது உங்கள் ஆலையில் மட்டும் காணும் குறையன்று. 2014 ஜனவரி முதல் புதிய ஆலைகளும் திறனைக் கூட்டும் ஆலைகளும் மீத்தேனைப் பிடிக்கும் வசதியைச் செய்துகொள்ள வேண்டும் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்த பிறகு, வேறு துறைகளில் குழாய் போட்டுப் பழகிய பலர் இந்த வேலைக்குள் வந்திருக்கிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் நீங்களே வியப்படைவீர்கள். நிறைவுற்ற நிலையில் ஒரு கனமீட்டர் வாயு 40 டிகிரி செல்சியஸில் சுமார் 51 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். 25 டிகிரியில் 23 கிராம். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். உங்கள் என்ஜினுக்கும் அதைச் சுற்றியுள்ள சில்லறைத் தேவைக்கும் மணிக்கு 500 கனமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரப்பரிலிருந்து 40 டிகிரியில் வெளிவரும் அந்த வாயு வழியில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், வாயுவின் கன அளவு சுருங்குவதையும் சேர்த்து, மணிக்கு 14 அல்லது 15 லிட்டர் தண்ணீர் குழாய்ச் சுவரில் படிந்து கீழே ஓடும். ஓர் இரவுக்கு அது 150 லிட்டரைத் தாண்டிவிடும். இவ்வளவையும் வெளியேற்ற உங்களிடம் இருப்பது கடைசியில் ஒரே ஒரு வால்வு.

பகலில் ஏன் தொல்லையில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும். புளோவர் வாயுவை அழுத்தும்போது அதன் வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி உயர்கிறது. கறுப்புக் குழாய் வெயிலில் காய்கிறது. குழாய்ச் சுவர் 40 டிகிரிக்கு மேலே இருக்கும் வரையில் நீராவி நீராவியாகவே என்ஜினைச் சென்றடைகிறது. மாலை மழை இறங்கியதும் குழாயின் மேற்பரப்பு சில நிமிடங்களில் 25 டிகிரிக்கு வந்துவிடுகிறது. உள்ளே வரும் வாயுவோ குளத்தின் சூட்டிலேயே வந்துகொண்டிருக்கிறது. விடியற்காலையிலும் இதே கதைதான். அப்போது மெதுவாக நடக்கிறது என்பதே வேறுபாடு.

இனி முள் ஏன் ஆடுகிறது என்பதைப் பார்ப்போம். குழாய் ஓரிடத்தில் 150 மி.மீ. தொய்ந்திருந்தால், அந்தப் பள்ளம் நிரம்பியதும் வாயு அந்த உயரத் தண்ணீரைத் தள்ளினால்தான் அப்பால் போக முடியும். 100 மி.மீ. நீர் உயரம் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கலுக்குச் சமம் என்பதால், அந்த ஒரு பள்ளமே ஒன்றரைக் கிலோபாஸ்கலை விழுங்கும். பள்ளத்துக்குப் பின்னால் அழுத்தம் கூடும், தண்ணீர் பிதுங்கி முன்னே பாயும், வாயு ஒரு வீச்சாகக் கடக்கும், தண்ணீர் மீண்டும் பள்ளத்துக்குள் சரியும். இந்தச் சுழற்சிதான் அழுத்தமானியில் ஆட்டமாகத் தெரிகிறது. ஒன்றன்பின் ஒன்றாக உள்ள பள்ளங்களின் இழப்புகள் கூடிக்கொண்டே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. 160 மி.மீ. குழாயின் உள்விட்டம் சுமார் 141 மி.மீ. என்று கொண்டால், மணிக்கு 500 கனமீட்டர் வாயு அதில் வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடும். 600 மீட்டருக்கு உராய்வு மட்டுமே மூன்றரைக் கிலோபாஸ்கலை எடுத்துவிடும். மேற்கொண்டு இப்படி ஐந்து பள்ளங்கள் இருந்தால், 12 கிலோபாஸ்கலில் என்ஜினுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். பெரிய புளோவரை மாட்டினால் பள்ளத்துத் தண்ணீர் பள்ளத்தில் தங்காது என்பது உண்மையே. அது கட்டியாகப் புறப்பட்டு என்ஜினின் வடிகட்டியிலும் அழுத்த ஒழுங்காக்கியிலும் போய் மோதும். இப்போது என்ஜின் நிற்பதோடு போகிறது. அப்போது வால்வுகளும் சேர்ந்து பழுதாகும்.

உங்கள் ஊரில் இந்தப் பள்ளங்கள் உருவாவதற்கு இரண்டு காரணங்கள் கைகோத்து வேலை செய்கின்றன. ஒன்று, எச்.டி.பி.இ.யின் குணம். எஃகு மீட்டருக்கு, டிகிரிக்கு 0.012 மி.மீ. நீளும், எச்.டி.பி.இ. 0.15 முதல் 0.2 மி.மீ. வரை நீளும். வெயிலில் 55 டிகிரிக்குக் காய்ந்து மழையில் 25 டிகிரிக்கு இறங்கும் 100 மீட்டர் குழாய் ஏறக்குறைய அரை மீட்டர் நீண்டு சுருங்குகிறது. அதை இரு முனைகளிலும் இறுக்கிப் பிடித்திருந்தால், நடுவில் பாம்பு போல் வளைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை; சூட்டில் அது மென்மையடைவதால் கட்டைகளுக்கு இடையேயும் தொய்யும். மற்றொன்று மண். கீழ்ப் பேராக்கின் கடலோரக் களிமண்ணும் கரிமண்ணும் பாரத்தைத் தாங்காமல் இறங்கிக்கொண்டே இருப்பவை. 1885-இல் தண்ணீர்த் தொட்டியைச் சுமக்கக் கட்டிய தெலுக் இந்தான் கோபுரத்தையே அந்த மண்ணும் தண்ணீரின் பாரமும் சேர்ந்து சாய்த்துவிட்டன என்றால், உங்கள் சிமெண்டுக் கட்டைகள் எம்மாத்திரம்? போட்ட அன்று ஒப்பந்தக்காரர் சரிவு வைத்தே போட்டிருக்கலாம். இன்று அந்தச் சரிவு இருக்காது.

எனவே முதல் வேலை அளப்பது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் தண்ணீர்க் குழாயே போதும், விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஐந்து மீட்டருக்கு ஓரிடம் என்று 600 மீட்டரும் நடந்து, குழாயின் மேல் விளிம்பின் உயரத்தைக் குறித்துக்கொண்டு வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். காலையில் ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையும் அளந்தால், மண் இறங்கியதால் வந்த பள்ளம் எது, வெப்பத்தால் வந்து போகும் வளைவு எது என்பது பிரிந்துவிடும். அதோடு தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் குழாயின் மேற்புறத்திலிருந்து இணைப்பு எடுத்து, நீர் நிரப்பிய யூ வடிவ அழுத்தமானி மூன்றை வைத்து, என்ஜின் தள்ளாடும் நேரத்தில் படித்துப் பாருங்கள். எந்தப் பாதியில் அழுத்தம் காணாமல் போகிறது என்று அவை காட்டிவிடும். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் பேசினால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

இப்போது வடிகால் வால்வுகளுக்கு வருகிறேன். தண்ணீர் சேரும் இடத்தில் வடிகால் வேண்டும் என்பதில் மேனேஜர் சொல்வது சரி. ஆனால் குழாய்க்குச் சரிவு இல்லாதவரை, தண்ணீர் வால்வைத் தேடி வராது. பள்ளத்தைத் தேடியே போகும். மேலும் கையால் திறக்கும் வெறும் வால்வை இரவு நேரத்தில் ஒரு தொழிலாளி போய்த் திறப்பது என்ற ஏற்பாட்டை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தண்ணீர் தீர்ந்ததும் அந்த வால்வு வழியே வாயு வரும். அதில் ஸ்கிரப்பர் நன்றாக இயங்கும் நாளிலேயே 150 பிபிஎம் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. ஸ்கிரப்பர் கெட்டுப்போனால், குளத்து வாயுவில் வழக்கமாகக் காணப்படும் ஆயிரம் முதல் மூவாயிரம் பிபிஎம் அப்படியே முகத்தில் அடிக்கும். நம் நாட்டு விதிமுறை எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் சராசரி 10 பிபிஎம். 100 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு; அந்த அளவிலும் அதற்கு மேலும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டதே, இனிப் பயமில்லை என்று நினைத்து நிற்பவர்தான் அங்கே விழுவார். நீங்கள் அந்த ஒற்றை வால்வைத் திறந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு வாயுக்களைக் காட்டும் கருவியை மார்பில் மாட்டாமலும், காற்று வரும் பக்கம் நிற்காமலும், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமலும் இனி அதைத் தொட வேண்டாம்.

வால்வுக்குப் பதிலாக வைக்க வேண்டியது வடிநீர்க் கலம். குழாயின் தாழ்வான இடத்தில் அடியிலிருந்து ஒரு கிளை இறக்கி, அதன் கீழே துருப்பிடிக்காத எஃகிலோ எச்.டி.பி.இ.யிலோ மூடிய பாத்திரம் ஒன்றை அமைத்து, பாத்திரத்துக்கு மேலே ஒரு வால்வும் கீழே ஒரு வால்வும் பொருத்த வேண்டும். மேல் வால்வை மூடிய பிறகே கீழ் வால்வு திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க முடியாதபடி பூட்டு இணைப்பு வைத்துவிட்டால் ஆளின் கவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. தானாக வடிய வேண்டுமானால் நீர்ப்பூட்டு (வாயு வெளியேறாமல் தண்ணீரே தடுத்து நிற்கும் அமைப்பு) வைக்கலாம். ஆனால் அதன் ஆழம் குழாயின் வழக்கமான அழுத்தத்துக்கு ஏற்றதாக இருந்தால் போதாது. முன்னே வால்வு மூடியிருக்கும்போது புளோவர் எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தைத் தாங்க வேண்டும். உச்சம் 15 கிலோபாஸ்கல் என்றால் ஒன்றரை மீட்டர் தண்ணீர், அதற்கு மேல் பாதுகாப்புக்காக இன்னும் ஒரு முப்பது, நாற்பது சென்டிமீட்டர். நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் அவ்வளவு ஆழத்துக்குக் குழி தோண்டுவது எளிதன்று. தோண்டினாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது என்பதால் அந்தக் குழியில் தங்கும், அப்படிப்பட்ட குழி அடைபட்ட இடங்களுக்கான 2010-ஆம் ஆண்டுத் தொழில்துறை நடைமுறைக் கோவையின் வரம்புக்குள் வந்துவிடும். அதனால் உங்களுக்கு நிலத்துக்கு மேலே நிற்கும் இரட்டை வால்வுக் கலமே பொருத்தம் என்பது என் கருத்து.

ஆலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாய்லர் பக்கம் கிடக்கும் ஸ்டீம் டிராப்பை (நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை மிதவையின் உதவியால் தானாக வெளியேற்றும் கருவி) எடுத்து எங்கும் மாட்டிவிடுவார்கள். இங்கே அதைச் செய்ய வேண்டாம். உங்கள் தண்ணீரில் தெரியும் மஞ்சள், ஸ்கிரப்பரில் பிரிந்த கந்தகத் துகள். அது சேறாகப் படிந்து மிதவையைத் திறந்த நிலையிலேயே சிக்க வைத்தால் வாயு தடையில்லாமல் வெளியேறும். கழிவுநீர் நிலையங்களுக்கான அமெரிக்க வழிகாட்டி நெறிகள் மிதவை வகை வடிகலங்களை அனுமதிக்காததை இங்கே நினைவில் கொள்ளலாம். வடிநீரை மழைநீர் ஓடையில் விடாமல், மூடிய குழாய் வழியே குளத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

புளோவருக்கு முன்னுள்ள பகுதியைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த நிலையில் வடிகாலைத் திறந்தால் தண்ணீர் வெளியே வராது; காற்று உள்ளே போகும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு இருந்தால் தீப்பற்றும் கலவையாகிவிடும் என்பதால், குழாய்க்குள் காற்று நுழைவது வெளியே வாயு கசிவதைவிடப் பெரிய ஆபத்து. அப்பகுதியின் நீர்ப்பூட்டு, உறிஞ்சும் இழுவையில் தண்ணீர் மேலேறினாலும் பூட்டு உடையாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது சரிவு. வாயு போகும் திசையிலேயே தண்ணீரும் வடியுமானால் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவும், எதிர்த் திசையில் வடிய வேண்டுமானால் ஐம்பதுக்கு ஒன்றும் வைப்பது என் வழக்கம். இருநூற்றுக்கு ஒன்று போதும் என்று சொல்பவர்களும் உண்டு. உறுதியான தரையில் அது போதும். ஆனால் இருநூற்றுக்கு ஒன்று என்பது ஐந்து மீட்டரில் 25 மி.மீ. மட்டுமே, உங்கள் மண்ணில் ஒரு தாங்கி அவ்வளவு இறங்க நெடுநாள் ஆகாது. நூற்றுக்கு ஒன்று என்றால் 600 மீட்டருக்கு 6 மீட்டர் இறக்கம் வேண்டும், சமநிலத்தில் அதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இரம்பப் பல் போல் அமைக்க வேண்டும். 60 மீட்டர் தொலைவுக்கு 60 சென்டிமீட்டர் இறங்கட்டும். அந்தத் தாழ்விடத்தில் ஒரு வடிநீர்க் கலம். அங்கிருந்து குழாய் செங்குத்தாக 60 சென்டிமீட்டர் ஏறி மறுபடியும் இறங்கத் தொடங்கட்டும். ஏறும் துண்டில் வாயு மேலேயும் தண்ணீர் கீழேயும் செல்ல வேண்டியிருப்பதால், அங்கே வாயுவின் வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இப்போதுள்ள 9 மீட்டர் வேகத்தில் அது நடக்காது. தண்ணீரை வாயு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். 250 மி.மீ. குழாயில், உள்விட்டம் 220 மி.மீ. என்று கொண்டால், வேகம் சுமார் 3.7 மீட்டராகும், உராய்வு இழப்பு மூன்றரைக் கிலோபாஸ்கலிலிருந்து அரைக் கிலோபாஸ்கலுக்குள் வந்துவிடும். உங்கள் ஒப்பந்தக்காரர் பெரிய புளோவரை வாங்கித் தள்ள நினைக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதி, சிறிய குழாயால் நீங்கள் இழந்துகொண்டிருப்பதுதான்.

தாங்கிகள் திருகி உயர்த்தக்கூடியவையாக இருக்கட்டும். மண் இறங்க இறங்க, ஆண்டுக்கொரு முறை அளந்து பழைய உயரத்துக்குக் கொண்டுவரலாம். எச்.டி.பி.இ. குழாயே நீடிக்குமானால் அதைத் தொடர்ச்சியான எஃகுத் தட்டில் படுக்க வைத்து, ஒரு முனையில் மட்டும் இறுக்கி, மற்றபடி நீளவாக்கில் நகர விட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் தீயைத் தாங்காது என்பதால் என்ஜின் கட்டடத்துக்குள் அது நுழையவே கூடாது. அமெரிக்க விதிமுறை அதைப் பொதுவாக வெளியே, மண்ணுக்கடியில் மட்டுமே அனுமதிக்கிறது. கட்டடத்துக்குச் சற்று முன்பிருந்தே துருப்பிடிக்காத எஃகுக்கு மாறிவிடுங்கள். துத்தநாகப் பூச்சுக் குழாயும் பித்தளை வால்வும் செம்புச் சிறுகுழாயும் ஈரமான ஹைட்ரஜன் சல்ஃபைடின் முன் நிற்க மாட்டா. குழாய் அளவு குறையும் இடங்களில் அடிப்பக்கம் சமமாக உள்ள ஒருபக்கச் சுருக்கியைப் போடச் சொல்லுங்கள், இருபக்கமும் ஒன்றுபோல் சுருங்குவதைப் போட்டால் அதன் உதட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும். கிளைகளையும் அளவுக் கருவிகளின் இணைப்புகளையும் குழாயின் மேற்புறத்திலிருந்தே எடுக்க வேண்டும். தீத்தடுப்பான் (குழாய்க்குள் தீ பரவாமல் மறிக்கும் கருவி) இருந்தால் அதன் அடியிலும் தண்ணீர் தேங்கும். அதைத் திறந்து பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று விசாரியுங்கள்.

இவ்வளவும் தண்ணீர் குழாய்க்குள் வந்த பிறகு அதைச் சமாளிக்கும் வழிகள். வராமலே செய்வதுதான் நான் உங்கள் ஆலைக்குப் பரிந்துரைப்பது. ஸ்கிரப்பருக்கும் புளோவருக்கும் இடையே ஒரு சில்லரை (குளிரூட்டும் இயந்திரத்தை) வைத்து வாயுவை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால், மணிக்கு சுமார் 21 லிட்டர் தண்ணீர் குளத்தங்கரையிலேயே பிரிந்துவிடும். பிறகு புளோவர் அழுத்துவதால் நீர்படியும் வெப்பநிலை ஓரிரு டிகிரி உயர்ந்து 12 டிகிரியாகலாம். உங்கள் வட்டாரத்தில் எந்த விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது என்பதால், மழை கொட்டினாலும் அந்த 600 மீட்டரில் சொட்டுத் தண்ணீர் படியாது. 25 டிகிரிக் குழாயில் அந்த வாயுவின் ஈரப்பதம் 45 விழுக்காட்டுக்குள் அடங்கும். என்ஜின் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்கும் 80 விழுக்காட்டுக்கு இது வெகு கீழே. வாயுவைக் குளிர்விக்கவும் நீராவியைத் தண்ணீராக்கவும் சேர்த்து ஏறக்குறைய 20 கிலோவாட் குளிர்த்திறன் வேண்டும். அதற்கு மின்சாரம் ஆறு, ஏழு கிலோவாட் போகும். 1,000 கிலோவாட் உற்பத்தி செய்யும் இடத்தில் இது ஒரு விழுக்காடு கூட இல்லை. இந்தச் சில்லரை என்ஜின் அறைக்குப் பக்கத்தில் வைக்கலாமே, பராமரிக்க வசதியாக இருக்குமே என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அங்கே வைத்தால் என்ஜின் பிழைக்கும், குழாய் இன்றுபோலவே நனைந்து கிடக்கும்.

சில்லர் வந்துவிட்டால் சரிவும் கலங்களும் தேவையில்லை என்று கணக்குப்பிள்ளை வாதாடக்கூடும். சில்லரும் ஓர் இயந்திரந்தான். பழுதுபார்க்க நிறுத்தும் நாளில் குழாய் தன் காலில் நின்றாக வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. முதலில் அளந்து, மோசமான பள்ளங்களைத் தூக்கி நிமிர்த்தி, தூக்க முடியாத தாழ்விடங்களுக்கு மட்டும் இரட்டை வால்வுக் கலம் வையுங்கள். இந்த அளவிலேயே என்ஜின் நிற்பது வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சில்லரைக் கேளுங்கள். 250 மி.மீ. குழாயும் இரம்பப் பல் அமைப்பும், இப்போதுள்ள குழாயை மாற்றும் காலம் வரும்போது செய்துகொள்ளலாம். குழாயில் கை வைப்பதற்கு முன் வரைபடத்தைப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்குவதும், வாயுவை முழுவதும் வெளியேற்றி நைட்ரஜன் செலுத்திய பிறகே வெட்டுவதும் கட்டாயம். திருத்தப்பட்ட 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையிட ஆபத்துகளை முன்கூட்டி மதிப்பிட வேண்டிய பொறுப்பை அது முதலாளியின் மேல் வைத்திருக்கிறது என்பதை மேனேஜருக்கு மரியாதையோடு நினைவூட்டலாம்.

கேன்டீன் கேஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே கவலை வேண்டாம். சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் வாயுவாக மாறும்போது சிலிண்டரின் சூட்டை எடுத்துக்கொள்கின்றன. குளிர்ந்த அந்தத் தகட்டின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிவதைத்தான் வியர்வையாகப் பார்க்கிறீர்கள். உள்ளே தண்ணீர் இல்லை. ஆனால் சமையல் மும்முரமான நேரத்தில் வியர்வை கூடுவதும் அடுப்பின் சுவாலை தளர்வதும் சேர்ந்து வந்தால், ஒரு சிலிண்டரிலிருந்து அது தரக்கூடியதைவிட அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். சுடுநீர் ஊற்றி வேடிக்கை பார்க்காமல், இன்னும் ஒன்றிரண்டு சிலிண்டர்களை இணையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டும். சிலிண்டர்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்கடை வாயோ பள்ளமோ இருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள்; சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது, கசிந்தால் நேரே அங்கேதான் இறங்கும்.